பழைய துணியிலிருந்து பையும் உடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜீன்ஸ், டீ ஷர்ட், ஸ்வெட்டர், பிளாஸ்டிக் பை இவற்றை வைத்துத் தைக்கவும் பின்னவும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: புதுத் துணியில் என்ன தைப்பது என்று முடிவுசெய்துவிட்டுத் துணி எடுப்போம், பழைய துணியில் கையிலிருக்கும் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்ன தைப்பது என்றே முடிவுசெய்ய வேண்டும்.

பழைய துணியை மறுசுழற்சிக்குக் கொடுத்துட்டா போதாதா? நாமளே வெட்டித் தைக்கிறதுல என்ன பெரிய வித்தியாசம்?

கொடுக்கிற துணியெல்லாம் மறுபடி துணியாகிவிடும் என்று நினைக்கிறோம், ஆவது மிகக் கொஞ்சம். உடை செய்யப் பயன்படும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திரும்ப உடையாகிறது என்று எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. துணியைக் கிழித்துச் சீவித் திரும்ப இழையாக்கும்போது இழை குட்டையாகிவிடுகிறது, குட்டை இழையில் நூற்ற நூலுக்கு வலு போதாது, அதனால் புது இழை கலக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை புதிதும் இல்லை: இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813-லேயே கந்தல் கம்பளியைக் கிழித்துத் திரும்ப நூலாக்கினார். இன்று இத்தாலியின் பிராட்டோவிலும் இந்தியாவின் பானிபட்டிலும் அது பெரிய தொழில்.

நாம் வெட்டித் தைக்கும்போது நூற்றது, நெய்தது, சாயம் போட்டது என்று அந்தத் துணிக்குள் போன எந்த உழைப்பும் கலைவதில்லை. துணி தாங்கும் வரை துணியாகவே பயன்படுத்துவோம், இழையாகக் கிழிப்பது அதற்கப்புறம்.

இதுவரைக்கும் ஊசியே பிடிச்சதில்ல. முதல்ல என்ன தைக்கலாம்?

தலையணை உறை. மூன்று பக்கம் ஏற்கெனவே தைத்திருக்கும், வாய்ப்பக்கம் மடித்து அடித்திருக்கும், அதாவது பாதிப் பை தயார். வாய் மடிப்பின் பக்கத் தையலில் ஒரு அங்குலம் மட்டும் பிரித்து, அந்த ஓட்டை வழியாக ஒரு நாடாவை ஊக்கில் மாட்டி உள்ளே ஓட்டிவிட்டால் சுருக்குப் பை. நாடாவுக்குப் பதிலாக இரண்டு கைப்பிடி தைத்தால் தோளில் மாட்டும் பை.

அடுத்ததாக ஒரு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம்தான் அதில் இருக்கும் பெரிய துண்டு. முன்பக்கத்தைப் பட்டன் போட்டபடியே சதுரமாக வெட்டி, முதுகுத் துண்டோடு சேர்த்து நாலு பக்கமும் தைத்தால், பட்டனைக் கழற்றித் திறக்கும் குஷன் உறை வந்துவிடும். காஜா எடுக்கும் வேலையே இல்லை. பழைய உடையில் யாரோ ஏற்கெனவே செய்து வைத்த கஷ்டமான வேலைகள் நிறைய இருக்கும்: பாக்கெட், ஜிப், காஜா, இடுப்புப் பட்டி. அவற்றைக் கலைக்காமல் பயன்படுத்தப் பழகுங்கள்.

என்கிட்ட தையல் மெஷின் இல்ல. கையால தைச்சா பை தாங்குமா?

தாங்கும், பின் தையல் போட்டால். சாதாரண நூலோட்டத் தையலில் நூல் மேலும் கீழுமாக ஓடுகிறது, ஒரு இடத்தில் அறுந்தால் தையல் முழுக்க நெகிழ்ந்துவிடும். பின் தையலில் ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு தையல் அளவு பின்னால் போய்த் திரும்ப வருவதால் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். பை என்றால் நூலை இரட்டையாகக் கோத்து, தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள், சிக்கு விழாது. நூலை அரை மீட்டருக்கு மேல் நீளமாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை துணிக்குள் போய் வரும்போதும் நூல் தேய்கிறது, நீளமான நூலின் கடைசிப் பகுதி தைத்து முடிப்பதற்குள் பாதி வலுவை இழந்திருக்கும்.

இன்னொன்று, துணி பழசாக இருக்கலாம், நூல் பழசாக இருக்கக் கூடாது. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்த பருத்தி நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சத்தமே இல்லாமல் அறுந்தால் அது நூலோட்டம் போட மட்டும்தான். பைக்குப் புது பாலியஸ்டர் நூல்.

துணி இன்னும் நல்லா இருக்கா, இத்துப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விக்கு நேரம் செலவழித்தால் மற்ற பாதிக் கேள்விகள் வராது. முதலில் ஜன்னலுக்கு எதிரே துணியைத் தூக்கிப் பிடியுங்கள். நெசவு அடர்த்தியாக இருக்கும் இடமும் சல்லடையாகிப்போன இடமும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணியை இறுக்கிப் பிடித்து இரு பக்கமும் இழுங்கள், நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. நல்ல துணி எதிர்த்து நிற்கும். இத்துப்போன துணி 'பர்' என்ற சத்தத்தோடு இழை விடும், சில சமயம் கிழியாமல் இழைகள் மட்டும் விலகும். விலகினாலும் அது பைக்கு ஆகாது.

ஒரே உடையில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது என்பதுதான் முக்கியம். ஜீன்ஸில் தொடையின் உள்பக்கமும் முழங்காலும் போயிருக்கும், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் கிட்டத்தட்டப் புதுசாக இருக்கும். சட்டையில் காலரும் கைப்பட்டியும் நைந்திருக்கும், பட்டன் பட்டிக்கு இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும். படுக்கை விரிப்பில் நடுப்பகுதி தேய்ந்து, தொங்கும் ஓரங்கள் கெட்டியாக இருக்கும். வெயிலில் தொங்கிய திரைச்சீலையில் மட்டும் ஏமாறக் கூடாது: பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சூரிய ஒளி இழையை உள்ளுக்குள் அரித்திருக்கும். அதை ஒவ்வொரு அரை மீட்டருக்கும் இழுத்துப் பாருங்கள்.

தேறின இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குள் என்ன வெட்ட முடியும் என்று யோசியுங்கள்.

லேபிள் இல்லாத துணி பருத்தியா, கம்பளியா, சிந்தெட்டிக்கா?

ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ. இழைக் கொத்தை எடுத்து, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை விலக்கினால் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர், அக்ரிலிக், நைலான் மூன்றும் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி. உருகிய சொட்டு தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும் என்பதால் கையில் பிடித்துக் கொளுத்தவே கூடாது.

பழைய துணிதானே, வெட்டுறதுக்கு முன்னாடி துவைக்கணுமா?

துவைக்க வேண்டும். பழைய துணி சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியிருக்கும், அது நமக்கு லாபம்தான். ஆனால் அதோடு சேர்த்துத் தைக்கும் புது லைனிங் இன்னும் சுருங்கவில்லை. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, பை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு கோணிக்கொள்ளும். ஆகவே பழையதை அழுக்குக்காகத் துவையுங்கள், புதியதைச் சுருக்கத்துக்காகத் துவையுங்கள். யாரிடமிருந்தோ வாங்கிய பருத்தித் துணி என்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது, மூட்டைப்பூச்சி இருந்தால் போய்விடும். கம்பளிக்கு வெந்நீர் ஆகாது. அதைப் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் கம்பளிப் பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும்.

சாயம் போகும் துணியை உப்பு, வினிகர் போட்டு ஊறவைச்சா நின்னுடுமாமே?

பருத்தித் துணியில் நிற்காது. ஏற்கெனவே சாயம் போட்டு வந்த துணியில் வீட்டு உப்பால் சாயத்தைக் கட்டிப்போட முடியாது. உப்பும் சரி வினிகரும் சரி, சாயம் போடும்போது அதற்கென்று சில வேலைகள் செய்யும், போட்டு முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தைப் பிடித்து வைக்காது. திரும்பத் திரும்ப அலசி உபரியை வெளியேற்றுவதுதான் வழி. ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஏறாமல் இருக்கும் வரை அலசுங்கள். அதற்கப்புறமும் போனால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்காமல் தனியாகவே தைத்துவிடுங்கள்.

ஜீன்ஸ் தைச்சா ஊசி உடைஞ்சுகிட்டே இருக்கு. என்ன பண்றது?

ஊசி எண்ணைப் பாருங்கள். மெஷினோடு வரும் ஊசி பெரும்பாலும் 80/12 அல்லது 90/14, அது சட்டைத் துணிக்கு. ஜீன்ஸுக்கு 100/16, முடிந்தால் ஜீன்ஸுக்கென்றே விற்கும் கூர்முனை ஊசி. தையல் நீளத்தை 3 மி.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் ஊசி உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இரட்டைத் தையல் மேட்டில் ஏறும்போது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் முன்பக்கம் தூக்கிக்கொள்ள, துணி நகராமல் நிற்கிறது, நாம் அவசரப்பட்டுத் துணியைக் கையால் இழுக்கிறோம், ஊசி வளைந்து கீழ்த்தகட்டில் மோதி உடைகிறது. மேடு வரும்போது நிறுத்துங்கள். ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டு, ஃபுட்டைத் தூக்கி, ஜீன்ஸ் துண்டு ஒன்றை மேட்டின் உயரத்துக்கு மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் சொருகுங்கள். ஃபுட் சமமாக நிற்கும். அப்புறம் மிதிக்காமல், பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து தையல் போட்டு இறக்கிவிடுங்கள். அதற்கு முன்பே மேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் இன்னும் சுலபம். வீட்டு மெஷினில் ஆறு மடிப்புக்கு மேல் கொடுக்க வேண்டாம். அத்தனை மடிப்பு சேரும் இடத்தில் உள்பக்கத் துணியை வெட்டிக் குறைத்துவிட்டுத் தைப்பதுதான் சரி.

பை நல்லாத்தான் இருக்கு, கைப்பிடி மட்டும் பிய்ஞ்சு வந்துடுது.

கைப்பிடி பிய்யவில்லை, அது தைத்திருக்கும் துணி கிழிகிறது. கனம் முழுக்க ஒரே வரித் தையலில் விழுவதால் அந்த வரியிலேயே துணி விட்டுக்கொடுக்கிறது. கைப்பிடியின் நுனியைப் பையின் மேல் நாலைந்து செ.மீ. இறக்கி வைத்து, அதைச் சுற்றிச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தையுங்கள். உள்பக்கம் அதே இடத்தில் ஒரு ஜீன்ஸ் துண்டை வைத்துச் சேர்த்துத் தைத்தால் கனம் பரவிவிடும்.

கைப்பிடித் துண்டைத் துணியின் நெட்டிழைப் போக்கில், அதாவது நீளவாக்கில் ஓடும் இழையின் திசையில் வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டினால் நீண்டுகொண்டே போகும். 10 செ.மீ. அகலத் துண்டை நாலாக மடித்தால் இரண்டரை செ.மீ. கைப்பிடி, தோளை அறுக்காது. இழுபடும் ஜீன்ஸில் எலாஸ்டேன் இழை கலந்திருக்கும். அது பையின் உடம்புக்குச் சரி, கைப்பிடிக்குச் சரிவராது.

பையோட அடி தட்டையா நிக்கணும், எப்படி?

பக்கத் தையல் முடிந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி, கீழ் மூலையைப் பிடித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின் மேல் ஒன்று படுக்கும்படி முக்கோணமாக விரியுங்கள். முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே கோடு போட்டால் அந்தக் கோடு 10 செ.மீ. நீளம் இருக்கும், அதுவே பையின் அடி அகலம். கோட்டில் தைத்து முனையை வெட்டிவிடுங்கள், இரண்டு மூலைக்கும். வெட்டும்போதே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்: இப்படிச் செய்தால் பை 5 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் குறையும்.

டீ ஷர்ட்ல நூல் எடுக்கிறாங்களே, அது எப்படி?

பக்கத் தையல் இல்லாமல் குழாயாகப் பின்னிய பருத்தி டீ ஷர்ட்தான் இதற்கு நல்லது. அக்குளுக்குக் கீழே நேராக வெட்டினால் ஒரு குழாய் கிடைக்கும், கீழ் மடிப்பையும் வெட்டிவிடுங்கள். குழாயைப் படுக்கையாக மடியுங்கள், ஆனால் ஒரு விளிம்பு இன்னொன்றுக்கு நாலு செ.மீ. முன்பே நிற்க வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து இரண்டரை செ.மீ. அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டே போய், அந்த நாலு செ.மீ. பகுதியைத் தொடாமல் நிறுத்துங்கள். இப்போது வெட்டாத பகுதியைக் கையில் மாட்டி விரித்தால் இரண்டு பக்கமும் வெட்டு வாய்கள் தெரியும். ஒரு பக்கத்து முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து இரண்டாவது வெட்டுக்குச் சாய்வாக வெட்டுங்கள், அப்படியே தொடருங்கள். முழு டீ ஷர்ட்டும் அறுபடாத ஒரே பட்டையாக வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு உருண்டையான நூலாகிவிடும்.

எவ்வளவு வரும் என்பதற்குக் கணக்கு உண்டு. சுற்றளவு ஒரு மீட்டர், வெட்டும் உயரம் 40 செ.மீ. என்றால் இரண்டரை செ.மீ. பட்டை 16 சுற்று, அதாவது 16 மீட்டர், இழுத்தபின் இன்னும் கூடும். மார்பில் அச்சடித்த இடத்தைத் தவிருங்கள், அந்த இடம் சுருளாது, பின்னும்போது பெயிண்ட் உதிரும்.

8 முதல் 12 மி.மீ. குரோஷே ஊசி இதற்குப் போதும். மெல்லிய ஊசியில் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும், பையும் பலகை மாதிரி விறைக்கும்.

அந்த நூல்ல பின்னின பை, கனம் வெச்சதும் முழங்கால் வரைக்கும் தொங்குதே?

டீ ஷர்ட் துணிக்கே இழுபடும் குணம் உண்டு, அதில் எடுத்த நூலும் இழுபடத்தான் செய்யும். பட்டையை வெட்டியவுடன் நன்றாக இழுத்துவிட்டுப் பின்னுவது முதல் மருந்து, இழுக்காத நூல் பைக்குள் போய் இழுபடும். இரண்டாவது, உடம்பை நெருக்கமான சிங்கிள் குரோஷேயில் பின்னுங்கள், வலை மாதிரி பின்னினால் தொங்கும். மூன்றாவது, கைப்பிடியைப் பின்னவே வேண்டாம், மேலே சொன்ன மாதிரி நெட்டிழைத் துணியில் தைத்து வையுங்கள். உள்ளே இழுபடாத துணியில் லைனிங் கொடுத்து, அது பின்னலைவிட ஒரு செ.மீ. குட்டையாக இருந்தால், கனத்தை லைனிங் தாங்கிக்கொள்ளும், பின்னலுக்கு வேலையே இருக்காது.

பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு நூல் எடுக்கலாமா? நான் பிரிச்சப்ப துண்டு துண்டா வந்துச்சு.

எல்லா ஸ்வெட்டரும் பிரிக்க முடியாது, வாங்கும் முன்போ வெட்டும் முன்போ உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையல் ஓவர்லாக் போட்டு, ஓரம் வெட்டி, பல நூல்கள் சுற்றியிருந்தால் அது துணியாகப் பின்னி வெட்டித் தைத்தது. ஒவ்வொரு வரியும் தையலில் அறுந்திருக்கும், அதனால்தான் துண்டு துண்டாக வருகிறது. ஓரம் வெட்டப்படாமல், இரண்டு பாகத்தையும் ஒரு சங்கிலித் தையல் மட்டும் சேர்த்திருந்தால் அது வடிவத்துக்குப் பின்னியது. அதில் முழு நூல் கிடைக்கும்.

முதலில் பக்கத் தையலையும் தோள் தையலையும் பிரித்து, முன், பின், இரண்டு கை என்று தனித்தனியாக்குங்கள். பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் பின்னியிருப்பார்கள், அதனால் பிரிப்பதை மேலே, கழுத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கிக்கொள்ளும். வரும் நூலை உருண்டையாகச் சுற்றாமல், நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக எடுங்கள். கண்டை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டு அரை மணி ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் தொங்கவிடுங்கள். நெளிநெளியாக இருந்த நூல் காயும்போது நேராகிவிடும், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

அக்ரிலிக் நூலுக்கு இஸ்திரிப் பெட்டியின் சூடு படக் கூடாது, பட்டால் இழையின் துள்ளல் போய்த் தொளதொளவென்று ஆகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கடை ஸ்வெட்டரின் நூல் மிக மெல்லியதாக இருந்தால் மூன்று நான்கு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். வெவ்வேறு ஸ்வெட்டரின் நிறங்களைச் சேர்த்தால் கடையில் கிடைக்காத நிறம் வரும்.

கம்பளி ஸ்வெட்டர் வெந்நீர்ல போட்டு குழந்தை சைஸுக்குச் சுருங்கிடுச்சு. தூக்கிப் போடவா?

தூக்கிப் போடாதீர்கள், பைக்கு அதைவிட நல்ல துணி அமையாது. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் தேய்ப்பும் சேரும்போது அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு துணி தடித்து இறுகிவிடும். அந்தத் துணியை வெட்டினால் ஓரத்தில் இழை பிரியாது, மடித்து அடிக்கும் வேலை மிச்சம். நன்றாக இறுகியதில் கண்ணியே தெரியாது, கையுறை, செருப்புக்குள் வைக்கும் அட்டை, கண்ணாடி உறை எல்லாம் தைக்கலாம். ஆனால் இதை நூலாகப் பிரிக்கவே முடியாது. வேண்டுமென்றே இப்படிச் செய்யப் பார்ப்பவர்களுக்கு: 'சூப்பர்வாஷ்' (துவைத்தாலும் இறுகாதபடி பதப்படுத்திய கம்பளி) என்று லேபிளில் இருந்தாலோ, அக்ரிலிக் அதிகம் கலந்திருந்தாலோ இறுகாது.

பிளாஸ்டிக் பையைப் பட்டையா வெட்டிப் பின்னுறாங்க. செய்யலாமா, ஆபத்தா?

செய்யலாம், சில எச்சரிக்கையோடு. பையின் கைப்பிடியையும் அடித் தையலையும் வெட்டிவிட்டு, நாலைந்து செ.மீ. அகல வளையங்களாக வெட்டி, ஒரு வளையத்தை இன்னொன்றுக்குள் விட்டு இழுத்து முடிச்சாக்கிக்கொண்டே போனால் நூல் தயார். 5 முதல் 6.5 மி.மீ. குரோஷே ஊசி போதும். மக்கும் பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கும் பைகளை மட்டும் சேர்க்காதீர்கள், பின்னி முடித்த பை நாளாக ஆக உதிர்ந்து கொட்டும். கடற்கரைப் பாய், ஈரத் துணி வைக்கும் பை, உட்காரும் விரிப்பு இதற்கெல்லாம் சரியான பொருள் இது. வெயிலில் நிரந்தரமாகக் கிடக்கும் பொருளுக்கு வேண்டாம், சூரிய ஒளியில் பிளாஸ்டிக் நொறுங்கித் துகளாகிவிடும். மெஷினில் போட்டுத் துவைக்கவும் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இஸ்திரி போட்டு ஒட்டித் தகடாக்குவதை நான் வீட்டில் செய்யச் சொல்வதில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்தப் புகை நல்லதில்லை, பி.வி.சி. கலந்திருந்தால் நிச்சயம் கெடுதல்.

உடைஞ்ச குடை, விளம்பர ஃப்ளெக்ஸ், சாக்கு இதையெல்லாம் எந்த ஊசியில தைக்கிறது?

குடைத் துணியைத்தான் நான் முதலில் எடுப்பேன். எடை கிடையாது, தண்ணீர் ஒட்டாது, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். வழக்கமான குடையில் எட்டு முக்கோணத் துண்டுகள் இருக்கும், கம்பியில் கட்டிய நூலை அறுத்தால் மொத்தமாகக் கழன்றுவிடும். 70/10 ஊசி போதும். குண்டூசி குத்தின ஓட்டை அதில் மறையாது, அதனால் துணி கிளிப்பால் பிடித்துத் தையுங்கள். இஸ்திரி வேண்டாம், நகத்தால் கீறியே மடிப்பு எடுக்கலாம்.

ஃப்ளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசியது. 100/16 ஊசி, தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டைகளின் வரிசையிலேயே தபால்தலை மாதிரி கிழிந்து வந்துவிடும். ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடலாம். சாமான் பை, வண்டி உறை செய்யலாம், சாப்பிடும் பொருள் நேராகப் படும்படி எதையும் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் சாக்கில் ஓரம் பிரிந்துகொண்டே வரும், இரண்டு முறை மடித்து அடிக்க வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் வந்த சாக்கை எத்தனை கழுவினாலும் பைக்கு எடுக்கக் கூடாது.

பெரியவங்க சட்டையில குழந்தைக்கு உடை தைச்சா ஒரு பக்கமா முறுக்கிக்குது. ஏன்?

துண்டு இழைப் போக்கில் வெட்டப்படவில்லை. சட்டையின் பக்கத் தையல் சாய்வாக இருக்கும், அதை நேர்க்கோடு என்று நம்பி வைத்து வெட்டினால் எல்லாமே சாய்ந்துவிடும். பட்டன் பட்டியின் ஓரம்தான் சரியான நெட்டிழைப் போக்கு, அதை வைத்து அளந்துகொள்ளுங்கள். பட்டி இல்லாத துண்டில் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவுங்கள், அது விட்டுப்போன கோடே உங்கள் அளவுகோல்.

டீ ஷர்ட் துணி என்றால் அது அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் தலை நுழையாது. இதற்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. கூர்முனை ஊசி கண்ணியைக் குத்தி அறுத்து ஓட்டை விழச் செய்யும், நடுவில் தையலும் விட்டுப்போகும். லேசான ஜிக்ஜாக் தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறாது. குழந்தை உடையில் கழுத்துப் பக்கம் சுருக்குக் கயிறு வைக்காதீர்கள், எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து.

ரொம்ப மெல்லிசா நைஞ்ச துணி, ஆனா தூக்கிப் போட மனசு வரல. என்ன பண்ணலாம்?

இழுத்துப் பார்க்கும் சோதனையில் தோற்ற துணியைத் தனியாகத் தைக்க முடியாது, ஆனால் அடுக்கலாம். வங்காளத்துக் காந்தா வேலை இப்படித்தான் வந்தது: நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே முழுக்க நூலோட்டத் தையல் போட்டுப் போர்வையாக்கினார்கள். ஜப்பானியக் கிராமங்களில் ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்டுத் தலைமுறை தாண்டி உடுத்திய போரோ துணிகளும் அதே யோசனைதான். ஒரு அடுக்குத் தாங்காததை மூன்று அடுக்கும் நூற்றுக்கணக்கான சின்னத் தையல்களும் தாங்கும், ஏனென்றால் இழுப்பு ஒரே இடத்தில் விழுவதில்லை.

பழைய பட்டு மட்டும் வேறு கதை. மடித்து வைத்த கோட்டிலேயே விட்டுப்போகும் பட்டில் இழையே முறிந்திருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியின் மேல் அதைப் பரப்பி நெருக்கமாகத் தைத்து, கனம் படாத குஷன் முகப்பாகவோ பையின் மேல் மூடியாகவோ வையுங்கள்.

பாட்டில்லேர்ந்து செஞ்ச பாலியஸ்டர் நூல் வாங்கிப் பின்னினா அதுவும் இதே மாதிரிதானே?

இரண்டும் ஒன்றில்லை. பாட்டில் திரும்பப் பாட்டிலாகும் வழி இருக்கிறது, அது நூலாகிவிட்டால் அதற்கப்புறம் திரும்ப நூலாவது அபூர்வம். துவைக்கும்போது நுண்ணிழைகளும் புது பாலியஸ்டர் மாதிரியேதான் உதிரும். புது நூல் வாங்கியே ஆக வேண்டுமென்றால் இது மோசமில்லை, ஆனால் வீட்டில் பிரிக்காத ஸ்வெட்டர் ஒன்று இருந்தால் அதுதான் முதலில்.

நல்லா இருக்கிற உடையை வெட்டிப் பையாக்கலாமா? அது நல்ல டிசைன்.

யாராவது உடுத்தக்கூடிய உடையை வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து, இதில் நான் கொஞ்சம் பிடிவாதம்தான். உடையாக அது இன்னும் பல வருஷம் உழைக்கும், பையாக்கினால் பாதித் துணி கழிவாகப் போகும். கறை, கிழிசல், உடைந்த ஜிப் என்று யாரும் போட முடியாததை எடுங்கள், அப்படிப்பட்டதற்கு எங்குமே பஞ்சமில்லை.

வெட்டினதுல மிஞ்சுற துண்டு மூட்டை மூட்டையா சேருது.

உள்ளங்கை அளவுக்கு மேல் உள்ளதை நிறம் பார்த்து அடுக்கி வையுங்கள், ஒட்டுத் துணி வேலைக்கு ஆகும். அதைவிடச் சின்னதைப் பொடிப்பொடியாக நறுக்கி, தரையில் உட்காரும் திண்டுக்குள் அடைக்கலாம், நன்றாகக் கனமாக நிற்கும். ஜிப், பட்டன், கொக்கிகளைத் துணியை வெட்டும்போதே கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள், அப்புறம் என்றால் எப்போதும் நடக்காது. பழைய ஜிப் இறுகியிருந்தால் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

தைச்சதை விக்கலாமா? பெரிய கம்பெனி லேபிள் இருக்கிற ஜீன்ஸ்ல பை தைச்சிருக்கேன்.

விற்கலாம். ஆனால் கம்பெனியின் பெயரோ சின்னமோ பையின் முகப்பில் தெரிந்தால், அவர்களே தயாரித்தது என்று வாங்குபவர் நினைக்க இடம் உண்டு, வணிகச் சின்னச் சட்டச் சிக்கலும் வரலாம். இடுப்புத் தோல் லேபிளையும் பாக்கெட் ஓரத்துச் சின்னத்தையும் பிரித்து எடுத்துவிட்டு விற்பதுதான் நிம்மதி. பிரித்த இடத்தில் துணி அடர்நிறமாகத் தெரியும், அதன் மேல் வேறு துணியில் ஒரு ஒட்டு.

வாங்குபவரிடம் இரண்டு விஷயத்தை எழுதிக் கொடுங்கள்: எந்தப் பொருளில் செய்தது, எப்படித் துவைப்பது. நாலு வகைத் துணி கலந்த பையென்றால் அதில் மிகவும் மென்மையான துணிக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதையே முழுப் பைக்கும் எழுத வேண்டும். விற்கும் முன் அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: பையில் அது சுமக்க வேண்டிய கனத்தைப்போல் இரண்டு பங்கு வைத்து ஒரு ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கவிட்டு, காலையில் கைப்பிடித் தையலைத் திருப்பிப் பாருங்கள். நூல் ஓட்டையைச் சுற்றித் துணி விலகியிருந்தால் அந்தப் பையை இன்னும் யாருக்கும் கொடுக்காதீர்கள், உள்பக்கம் ஒரு துண்டு வைத்துத் திரும்பத் தையுங்கள்.